முள் ஏறும் வரை

— தார்பாயைத் தூக்காதீங்க சார். ரெண்டு நாளா சேர்த்து வச்ச சூடு அப்படியே வெளிய போயிடும்.

— தூக்கலய்யா, ஓரமா எட்டிப் பார்த்தேன். ஜெனரேட்டர் வயித்துக்குள்ள பன்னெண்டு பல்பு எரியுது. கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம் மாதிரி இருக்கு. நீங்கதான் காயில் கட்டுற வைண்டர், எப்போ பொரிக்கும்?

— பொரிச்சா முதல் குஞ்சு உங்களுக்குத்தான்.

— நான் சொல்றது என்னன்னா, இது சிரிக்கிற நேரமில்ல. இப்போதான் வாய்க்கால் அளவுகோலைப் பார்த்துட்டு வர்றேன். விடியும்போது ஆறு அடியில நின்ன தண்ணி இப்போ எட்டரை. பத்தைத் தொட்டா கரை வழிஞ்சு கீழ்த்தெருவுக்குள்ள போகும். நானூறு வீடு. தண்ணியை ஆத்துல தள்ளவேண்டிய நம்ம ஸ்டேஷன் பம்ப் நாலும் சும்மா நிக்குது. லைன் கரண்டு நாளைக்கு முன்னால வராதுன்னு கையை விரிச்சுட்டாங்க. எனக்கு இருக்குறது இந்த ஒரு மெஷின்.

— அந்த நானூறுல எங்க வீடும் ஒண்ணு சார். எம்பொண்ணு பக்கத்து வீட்டம்மாகூட இருக்கா. எங்க வரிசையில யாருக்கும் மாடி கிடையாது. அதனால எங்களுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டாம்.

— கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க கொழுந்தனார் வாயைத் திறக்க மாட்டேங்குறார், அதான் உங்க காதுல போட்டு வைக்கிறேன்.

— அவன் எண்ணிட்டிருக்கான். காயில் ஈரத்தை அளக்குற மெக்கர் கைப்பிடியை ஒரு நிமிஷம் நிக்காம ஒரே வேகத்துல சுத்தணும். பேச்சுக் குடுத்தா எண்ணிக்கை தப்பும்.

— அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது, அறுபது. எழுதிக்குங்க அண்ணி. ஒண்ணரை.

— ஒண்ணரை மெகா ஓம். பதினொண்ணரை மணி. எழுதிட்டேன்.

— காயிலைத் தொடாதீங்க, அதுல இன்னும் மின்சாரம் நிக்கும். கம்பியால பாடியில தொட்டு இறக்கிடுறேன். ஆச்சு. காயிலைச் சூடாக்குற வெல்டிங் செட்டைத் திரும்பப் போடலாம்.

— ஒண்ணரைன்னா பாஸா ஃபெயிலா?

— ஃபெயில். அஞ்சு வரணும்.

— முந்தாநேத்து நீங்க வந்து இறங்கினப்போ ரெண்டு காட்டுச்சு. நேத்து சாயங்காலம் அரைன்னீங்க. இன்னைக்கு ஒண்ணரை. சூடு குடுத்தா காயும்னுதான் நான் நினைச்சேன். நீங்க சூடு குடுக்கக் குடுக்க மோசமாச்சு.

— காய்ச்சல் விடும்போது உடம்பு முதல்ல வேர்த்துக் கொட்டுமே, அந்த மாதிரி சார். துணியிலயும் வார்னிஷ்லயும் அடியில தேங்கின ஈரம் சூடு பட்டதும் கிளம்பி மேல வரும். அப்போ மெக்கர் முள் இறங்கும். முழுசா வெளிய போக ஆரம்பிச்சாத்தான் ஏறும். இறக்கம் முடிஞ்சுது. இப்போ ஏறுது. பொறுங்க.

— பொறுங்க, பொறுங்க. உனக்கு வேற வார்த்தையே தெரியாதா? ஒண்ணரையிலயே போட்டா என்ன கெட்டுப்போகும்?

— ஒரு தடவை சொல்றேன், அப்புறம் கேக்காதீங்க. மூணு நாள் கூரையிலேர்ந்து இதுமேல தண்ணி ஒழுகியிருக்கு. எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல, அது ஓடும். ஓட விட்டு, இந்த ஃபீல்டு சுவிட்சைப் போட்டாத்தான் காயில்ல கரண்டு எழும்பும். காயில் ஈரமா இருந்தா அந்தக் கரண்டு செம்பை விட்டு இரும்புக்குத் தாவும். தாவினா நெருப்பு. காயில் போனா நான் ஒரு மாசத்துல திரும்பக் கட்டிடுவேன். ஆனா சுவிட்ச் எங்க இருக்குன்னு பாருங்க. மெஷின் முதுகுலயே வச்சிருக்கான். போடுறவன் ஒரு முழம் தள்ளித்தான் நிக்க முடியும்.

— யார் போடுறது?

— நான்தான். வேற யாரு?

— சரி. நான் திரும்பப் போய் அளவுகோலைப் பார்க்குறேன்.

— நல்லது. அது உங்களைப் பார்க்காம ஏங்கிப் போயிருக்கும்.

— வாயைப் பாரு.

— ஏன்டா தம்பி அந்த ஆள்கிட்ட வம்பு வளர்க்குற? அவரும் பயந்துதான் கிடக்குறார். காலையிலேர்ந்து அந்த ஒரே சட்டைப் பொத்தானைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி.

— பேசாம இருந்தா பயம் கூடுது அண்ணி. அதான்.

— ரெண்டு வாய் சாப்பிட்டுடு.

— வேண்டாம்.

— சரி. ஒருவாய் தண்ணி குடி.

— அப்புறம் குடிக்கிறேன். நீங்க பாப்பாகிட்ட பேசினீங்களா?

— பேசினேன். தெருவுல தேங்கின மழைத்தண்ணி வாசப்படிக்கு ரெண்டு படி கீழ நிக்குதாம். புத்தகப் பையைத் தூக்கி அலமாரி மேல வச்சுட்டாளாம். உன் புதுச் செருப்பையும் வச்சாளாம். சித்தப்பா எப்போ மோட்டார் போடுவார்னு கேட்டா.

— என்ன சொன்னீங்க?

— இதோ போடப்போறார்னேன்.

— ஏன் அப்படிச் சொன்னீங்க?

— வேற என்னத்தைச் சொல்ல? பக்கத்து வீட்டம்மா கட்டில் மேல நாற்காலி போட்டு உக்கார்ந்திருக்காளாம். அதைச் சொல்லும்போது சிரிக்கிறா உன் பாப்பா. சிரிச்சுட்டு, அம்மா பயமா இருக்குன்னா.

— அண்ணி, உள்ள ஒரு பல்பு கறுத்துடுச்சு. புகையுது பாருங்க. காயில் மேல சுத்தின டேப்பைத் தொட்டுட்டிருந்தா கருக்கிடும்.

— நான் எடுக்குறேன். நீ வெல்டிங் செட்டை விட்டு நகராதே.

— பார்த்து. வயரையெல்லாம் இழுத்துடாதீங்க.

— தெரியும்டா.

— ஆச்சா?

— இரு. இடமே இல்ல. கையை விட்டுக் குடைஞ்சுதான் எடுக்கணும்.

— என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு நேரம்?

— மணிக்கட்டுல சுட்டுடுச்சு, வேற ஒண்ணுமில்ல. புது பல்பு மாட்டிட்டேன். தார்பாயை இறக்கிடு.

— மருந்து தடவுங்க.

— சும்மா இருடா, சோறு வடிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு சூடா. மணி பன்னெண்டாயிடுச்சு. சுத்துறியா?

— இன்னும் கொஞ்சம் பொறுப்போம்.

— நீ சுத்தப் பயப்படுற.

— ஆமா.

— எப்பவும் ஒரு ரீடிங்குக்கு மூணு தடவை சுத்துவே. கடையில சின்ன மிக்ஸி மோட்டாருக்குக்கூட மூணு தடவை. பக்கத்துக் கடைக்காரன் உன்னை மும்முறைன்னே கூப்பிடுறான். இன்னைக்கு என்னடான்னா ஒரு தடவைக்கே இப்படி யோசிக்கிற.

— ஏறலேன்னா பாப்பா தண்ணியில. ஏறிட்டா நான் சுவிட்சைப் போடணும். ரெண்டுல எது வேணும்னு எனக்கே தெரியல. சரி, வெல்டிங் செட்டை நிறுத்துங்க. சுத்துறேன்.

— ம்.

— அறுபது. அண்ணி.

— என்ன?

— நீங்க வந்து பாருங்க. என் கண்ணை நான் நம்பல.

— அறுபது எண்ணிட்டியா?

— எண்ணி முடிச்சாச்சு. முள்ளைப் பாருங்க. இதோ திரும்பவும் சுத்துறேன், பாருங்க.

— எண்பது.

— எண்பது மெகா. அரை மணி நேரம் முன்னால ஒண்ணரை.

— ஏறிடுச்சு. தம்பி, ஏறிடுச்சுடா.

— ஏறுறது ஏறும். இப்படித் தாவாது.

— வைண்டர், தண்ணி ஒன்பதே முக்கால். கரையில ஒரு இடத்துல கசிய ஆரம்பிச்சுடுச்சு, நாலு ஆளை மண்மூட்டை போட விட்டிருக்கேன். என்ன, ரெண்டு பேரும் ஏன் இப்படி நிக்குறீங்க?

— முள் எண்பதுல நிக்குது சார்.

— அஞ்சு போதும்னீங்க, எண்பதா? அப்புறம் என்னய்யா. போடு.

— சார், இது எனக்குச் சரியாப் படல. ஒண்ணரை ரெண்டாகும், ரெண்டு மூணாகும், அதுக்கப்புறம் வேகமா ஏறும். ஒரே தாவுல எண்பது வராது. வயரையெல்லாம் கழட்டி மாட்டி, ஆற விட்டு, இன்னொரு தடவை முதல்லேர்ந்து பார்க்குறேன். அரை மணி.

— அரை மணி கழிச்சு நீ எதைப் பார்த்தும் பிரயோசனமில்ல. நான் சொல்றது என்னன்னா, மேலேர்ந்து மூணு தடவை போன் வந்துடுச்சு. மெஷின் நல்லா இருந்தும் போடலைன்னா, நாளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்களும் தொழில் தெரிஞ்சவங்கதானே.

— முள் ஏறினா ஏறினதுதான்.

— அண்ணி.

— பாப்பா வாசப்படியில ரெண்டு படி இருக்குன்னா. அது ஒரு மணி நேரம் முன்னால. இப்போ ஒரு படியாவது இருக்குமான்னு தெரியல. நாமதானே அஞ்சு போதும்னோம்? எண்பது காட்டுது. இன்னும் என்னடா வேணும் உனக்கு?

— சரி.

— போடுறியா?

— போடுறேன். பல்பு, வெல்டிங் வயர், மெக்கர் வயர் எல்லாத்தையும் கழட்டி எடுத்துடுங்க அண்ணி. தார்பாயை நான் சுருட்டுறேன். சார், நீங்க போய் முதல் பம்ப்போட வால்வைத் திறந்து வையுங்க. ஒரு பம்ப்பை மட்டும்தான் முதல்ல எடுப்போம்.

— அப்படிச் சொல்லு. இதோ போறேன்.

— மூச்சு விடாம ஓடுறார் பாருங்க. வயசு அம்பத்தஞ்சு. எல்லாத்தையும் எடுத்தாச்சா அண்ணி?

— எடுத்தாச்சு.

— மெக்கர் வயர்?

— அதையும்தான்.

— ஏன் முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?

— உள்ள சூடு.

— இங்க நிக்காதீங்க. அந்தக் கதவுக்கு வெளிய போய் நில்லுங்க. எனக்கு ஏதாவது ஆனா, ஓடி வந்து என்னைத் தொடாதீங்க. முதல்ல எஞ்சினோட டீசல் குழாயை அடைக்கணும். சிவப்புக் கைப்பிடி. அண்ணன் செத்த அன்னைக்கு அவரை நான் கையால இழுக்கப் போனேன், அதுதான் பெரிய தப்பு. இல்ல, பெரிய தப்பு அது இல்ல.

— தம்பி, இப்போ அதெல்லாம் எதுக்கு?

— இப்போ சொல்லலேன்னா அப்புறம் சொல்ல நான் இருக்கணுமே. கேளுங்க. ஐஸ் ஃபேக்டரியில அன்னைக்கும் இப்படித்தான் தாவுச்சு. ரெண்டுலேர்ந்து ஒரே தாவு, நூறு. கைப்பிடி சுத்தினது நான். “அண்ணே, நூறு”ன்னு கத்தினதும் நான். அண்ணன் சிரிச்சார். நீங்க சாப்பாட்டுக் கூடையோட நின்னீங்க. ஒரு நிமிஷம் இரு, இதைப் போட்டுட்டுச் சாப்பிடலாம்னு சொல்லிட்டுப் போனார்.

— தெரியும்டா. நானும்தானே நின்னேன்.

— இது தெரியாது உங்களுக்கு. ஆம்புலன்ஸ் போனப்புறம் நான் உள்ள திரும்பிப் போனேன். மெக்கரோட எர்த் கிளிப் பாடியில கவ்வினபடியே இருந்துச்சு. பெயிண்ட் மேல. பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரியுற இடத்துல மாட்டணும். நான் உங்களுக்கு முதல் நாள் சொல்லிக்குடுத்ததே அதுதான், ஞாபகம் இருக்கா? பெயிண்ட் மேல கிளிப் இருந்தா முள் எவ்வளவு வேணும்னாலும் ஏறும். அன்னைக்கு நான் அளந்தது காயிலை இல்ல. பெயிண்டை. காயில் ஈரமாவே இருந்திருக்கு.

— யார்கிட்டயாவது சொன்னியா?

— மூணு வருஷமா யார்கிட்டயும் இல்ல. விசாரிக்க வந்தவங்க மெஷின் பழசுன்னு எழுதிட்டுப் போனாங்க. நான் தலையாட்டினேன். அன்னைக்குக் காலையில கிளிப்பை மாட்டினது நான்தான். சுரண்டித்தான் மாட்டினேன்னு மனசு சொல்லுது. சுரண்டின இடம்கூடக் கண்ணுக்குள்ள இருக்கு. ஆனா கிளிப் அங்க இல்லையே அண்ணி, பெயிண்ட் மேலல்ல இருந்துச்சு. அப்போ என் மனசு பொய்தானே சொல்லுது? அன்னையிலேர்ந்து நான் என்னை நம்புறதில்ல. அதான் மூணு தடவை. அதுக்குத்தான் உங்களையும் கடைக்குக் கூட்டிட்டு வந்தேன். எனக்குப் பின்னால ஒரு கண்ணு வேணும்னு.

— தம்பி.

— திட்டுங்க. திட்டிட்டா போதும்.

— இன்னொரு தடவை அளந்துடலாமா?

— என்ன?

— நீதானே கேட்டே. அரை மணி வேண்டாம். மெக்கரை எடுத்துட்டு வர்றேன், ஒரே ஒரு தடவை.

— நான் கேட்டப்போ நீங்கதான் வேண்டாம்னீங்க. ஏறினா ஏறினதுதான்னீங்க. இப்போ நான் அண்ணனைப் பத்திச் சொன்னதால பயந்துட்டீங்க. கிளிப் இன்னைக்குச் சரியாத்தான் இருக்கு அண்ணி. முந்தாநேத்தே நானே அரத்தால தேய்ச்சு, பளபளன்னு இரும்பு தெரிய வச்சு மாட்டினேன். மூணு தடவை பார்த்தேன். அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடல. அந்த ஒரு விஷயத்துலதான் எனக்கு இன்னைக்கு நிம்மதி.

— சொன்னா கேளுடா.

— அண்ணி, தயவுசெஞ்சு. எப்படியோ மனசைத் திடப்படுத்திட்டு நிக்குறேன். இப்போ கையை எடுத்தேன்னா திரும்ப வைக்க என்னால முடியாது. பாப்பாவை நினைச்சுக்குங்க. கதவுக்கு வெளிய போங்க. எஞ்சினைக் கிளப்புறேன்.

— வைண்டர், வால்வு திறந்தாச்சு. தண்ணி கரைக்குச் சமமா வந்துடுச்சு. எஞ்சின் ஓடுதா? நல்ல சத்தம்தான். பிழைச்சோம்.

— சூடாகட்டும் சார். ரெண்டு நிமிஷம். ரெண்டு பேரும் தள்ளிப் போங்க.

— தம்பி, நிறுத்து.

— என்ன சொல்றீங்கன்னு கேக்கல அண்ணி. எஞ்சின் சத்தம்.

— சார், நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னா நிறுத்துவான்.

— எதுக்கும்மா நிறுத்தணும்?

— இன்னொரு தடவை அளக்கணும்.

— எண்பது காட்டுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? காரணம் சொல்லுங்க. நானூறு வீட்டுக்கு நான் என்ன காரணம் சொல்லட்டும்?

— மனசு சரியில்ல.

— எனக்கும்தான் சரியில்ல. மனசு சரியில்லேன்னு பம்ப்பை நிறுத்த முடியுமா? கையைப் பிடிச்சு இழுக்காதீங்கம்மா. வைண்டர், அண்ணி பயந்துட்டாங்க, நீ போடு.

— போடுறேன் சார். ஒண்ணு.

— தம்பி.

— ரெண்டு. அண்ணி, உள்ள வராதீங்கன்னு சொன்னேன்ல. என்ன, சத்தமாச் சொல்லுங்க.

— கிளிப்.

— கிளிப்புக்கு என்ன?

— கையை எடுடா. பல்பு மாத்தும்போது கழண்டு விழுந்துச்சு, கைக்குத் தட்டுப்பட்ட இடத்துல நான்தான் மாட்டினேன். பெயிண்ட் மேல இருந்துச்சு, எடுக்கும்போது பார்த்தேன். ஐஸ் ஃபேக்டரியிலயும் கீழ விழுந்து கிடந்ததை எடுத்து மாட்டினது நீ இல்ல, நான்.